இன்னொரு கை எங்கே?

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு சின்ன மரத்துண்டையும் திருப்புளியையும் கொடுத்து, ஒரு ஸ்குரூவை முடுக்கச் சொல்லிப் பாருங்கள். மரத்துண்டை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் மேலிருந்து அழுத்தித் திருகும். திருப்புளி முனை ஸ்குரூத் தலையிலிருந்து நழுவினால் எங்கே போய் நிற்கும்? நேராக உள்ளங்கையில்தான். பள்ளிப் பட்டறைகளில் ரத்தம் பார்க்க வைப்பது பெரிய இயந்திரங்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது திருப்புளியும் கட்டர் பிளேடும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும்தான்.

அந்தப் பிள்ளையிடம் "கவனமா செய்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அது கவனமாகத்தான் செய்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் ஸ்குரூவையே பார்க்கிறது. கோளாறு கவனத்தில் இல்லை, இடது கை இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கருவி பழக்கும் ஆசிரியர் ஓயாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தம்பி, இன்னொரு கை எங்கே?" கேட்டதும் பிள்ளை தானே குனிந்து பார்க்கும், கையை எடுக்கும், மரத்துண்டை வைஸில் (மேசையில் பொருத்திய, தாடையால் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டும். பத்து வகுப்பு கழிந்தால் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் அதுவே இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-இல் தொடங்கியதிலிருந்து நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் (பிள்ளைகள் கையால் செய்து பழகும் பட்டறைகள்) வந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தலாம். ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைக்கப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கும்போது அவற்றுக்குப் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் அறிவியல் அல்லது கணக்கு ஆசிரியர். அவர் ஆசாரியிடம் உதவிக்கு நின்று பழகியவர் அல்லர். பிள்ளைக்குக் காயம் பட்டால் தன் தலையில் விழுமே என்ற அச்சத்தில் பெட்டியைப் பூட்டியே வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எது எப்படிக் காயப்படுத்தும் என்று தெரியாதபோது எல்லாமே ஆபத்தாகத்தான் தெரியும்.

கருவிகளை எந்த வரிசையில் கொடுப்பது? கூர்மையையோ விலையையோ வைத்து வரிசைப்படுத்துவதைவிட, அது எத்தனை கையைக் கேட்கிறது என்று பாருங்கள். சக்கரத்தைச் சுற்றித் துளையிடும் பழைய கைத்துளைப்பான் இரண்டு கையையும் கேட்கும். ஒரு கை மேல்பிடியில், மறு கை சுற்றுப்பிடியில். வெட்டும் இடத்துக்குப் போகக் கையே மீதி இல்லை. அரமும் அப்படித்தான், பிடியில் ஒரு கை, நுனியில் ஒரு கை. இழைப்புளியும் அப்படியே. இவற்றை முதல் மாதத்திலேயே தரலாம். பேட்டரி டிரில் பார்க்கச் சாதுவானது, ஆனால் ஒரே கையில் இயங்கும். சும்மா இருக்கும் இடது கை பலகையைப் பிடிக்கப் போகும், பல நேரம் பலகைக்கு அடியில், துளை வெளிவரும் இடத்திலேயே போய் நிற்கும். எனவே பேட்டரி டிரில்லுக்கு முன்பு கைத்துளைப்பான்; டிரில்லைக் கொடுக்கும் நாளிலும் பலகை கிளாம்பில் (மேசையோடு சேர்த்து இறுக்கும் பிடிப்பான்) பூட்டியிருந்தால்தான் பேட்டரியை மாட்டக் கொடுப்பது. இந்த ஒழுங்கில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரம்பத்தில் இடது கைக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது. அதற்குத்தான் அறுப்புத் தாங்கி. எந்தப் பள்ளியும் ஒரு மதியத்தில் செய்துகொள்ளலாம். 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலத்தில் 12 மி.மீ. பிளைவுட் துண்டு. அதன் ஒரு முனையில் மேற்பக்கமாகவும், எதிர்முனையில் கீழ்ப்பக்கமாகவும் 4 செ.மீ. அகலக் கட்டை ஒவ்வொன்று. கீழ்க்கட்டை மேசை விளிம்பில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். மேல்கட்டையில் மரத்தைச் சாய்த்து இடது கையால் அழுத்திப் பிடித்து அறுக்க வேண்டும். மேல்கட்டையை வலப்பக்கம் 2 செ.மீ. குட்டையாக விட்டால் ரம்பம் மேசையில் படாமல் தாங்கிப் பலகையிலேயே நிற்கும். இடது கைக்காரப் பிள்ளைகளுக்கு இடப்பக்கம் குட்டையாக விட்டு இரண்டு தாங்கியாவது தனியாகச் செய்து வையுங்கள். அவர்களை வலப்பக்கம் அறுக்க வைத்தால் ரம்பத்தின் குறுக்கே கை போகும்.

இந்தத் தாங்கி வேலை செய்வதற்குக் காரணம், தள்ளும்போது வெட்டும் ரம்பம் மரத்தையும் சேர்த்துக் கட்டைமேல் தள்ளுவதுதான். ஜப்பானிய வகை இழுவை ரம்பம் மெல்லியது, சுத்தமாக வெட்டும், இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் இந்தத் தாங்கியில் அதைப் பயன்படுத்தினால் ஒவ்வோர் இழுப்புக்கும் மரம் கட்டையை விட்டு விலகிப் பிள்ளையை நோக்கி வரும். இழுவை ரம்பம் கொடுப்பதென்றால் மரத்தை வைஸில் பூட்டியே ஆக வேண்டும். ஆக்சா (இரும்பறுக்கும் ரம்பம்) பிளேடு மாட்டும்போதும் பல்லின் திசையைப் பாருங்கள். பற்கள் முன்னோக்கி, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய பிளேடு வெட்டாது. வெட்டவில்லையே என்று பிள்ளை முழுப் பலத்தையும் போட்டு அழுத்தும்போது ரம்பம் துள்ளும்.

அறுக்கத் தொடங்கும் முதல் மூன்று இழுப்பும் பின்னோக்கி, எடை போடாமல். ஒரு சின்னப் பள்ளம் விழுந்த பிறகுதான் தள்ள வேண்டும். சுட்டுவிரல் பிடியின் பக்கவாட்டில் ரம்பத்தின் திசையைக் காட்டி நீண்டிருந்தால் மணிக்கட்டு கோணாது. பிடித்திருக்கும் கையின் பெருவிரல் வெட்டும் கோட்டிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி இருக்கட்டும். தச்சர்கள் பெருவிரல் கணுவையே ரம்பத்துக்கு வழிகாட்டியாக வைத்துத் தொடங்குவார்கள், அது கைத்தேர்ச்சி. பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் கோட்டின் ஓரமாக ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்து கொடுங்கள். கடைசி ஐந்து இழுப்பில்தான் ரம்பம் திடீரென வழிவிட்டு மறுபக்கம் பாயும். "முடியப் போகுதுன்னா மெதுவா" என்பதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

மழுங்கிய கருவி பாதுகாப்பானது என்று நினைத்துப் பிள்ளைகளுக்கென்று தேய்ந்ததைப் பொறுக்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இதைப் போல ஒரு தவறு வேறில்லை. கூரான உளி மெல்ல அழுத்தினாலே இறங்கும், நினைத்த இடத்தில் நிற்கும். மழுங்கிய உளி எங்கே நிற்குமென்று அதைப் பிடித்தவருக்கே தெரியாது. பிள்ளையின் கையில் பலம் குறைவு, ஆகவே மழுங்கலை ஈடுசெய்ய உடம்பு எடை முழுவதையும் சாய்க்கும். உளியில் விதி எளியது: இரண்டு கையும் எப்போதும் வெட்டு முனைக்குப் பின்னால். ஒன்று தள்ள, ஒன்று நடத்த. மரத்தைப் பிடிக்கக் கை மிஞ்சவில்லை என்றால் அதை வைஸ் பிடிக்கட்டும்.

ஹார்டுவேர் கடையில் அரம் பல நேரம் கைப்பிடி இல்லாமலேதான் விற்பனைக்கு வருகிறது. அதன் வால் குத்தூசி போலக் கூரானது. அரம் எங்காவது முட்டி நின்றால் வால் உள்ளங்கைக்குள் போகும். பிடி போடாத அரத்தைக் கருவிப் பலகையில் தொங்கவிடவே வேண்டாம். சுத்தியலில் பார்க்க வேண்டியது தலை ஆடுகிறதா என்பது. தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தால் தெரியும். பெரியவர்களின் 450 கிராம் சுத்தியல் இந்த வயதுக்கு அதிகம். 200 முதல் 225 கிராம் போதும். ஆணியை விரலால் பிடிக்காமல் சீப்புப் பற்களுக்கு நடுவிலோ அட்டைத் துண்டில் குத்தியோ நிறுத்தி, தானாக நின்றதும் சீப்பை எடுத்துவிடலாம்.

மேசையின் உயரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வைஸின் தாடை பிள்ளையின் முழங்கை மட்டத்துக்கு மேலே இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் அறுக்க முடியும். ரம்பம் சாயும், சீக்கிரம் கை ஓயும், ஓய்ந்த கை நழுவும். அறுப்பதற்கு முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே மேசை இருந்தால் நல்லது. மேசையை அறுத்துக் குட்டையாக்க முடியாவிட்டால் 15 செ.மீ. உயரத்தில் படி செய்து போடலாம். இரண்டு காலையும் அகற்றி நிற்கும் அளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பலகை, செங்கல், கவிழ்த்த வாளி எதுவும் ஆகாது.

உடை விஷயத்தில் வெளிநாட்டுக் கையேடுகள் நம் பள்ளிக்கு முழுதாகப் பொருந்தா. இங்கே முதலில் கழற்ற வேண்டியது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டை. குனிந்தால் அது நேராகச் சுழலும் டிரில் முன்னால் தொங்கும். அடுத்தது துப்பட்டா, டை, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, வளையல். கயிற்றைக் கழற்ற வீட்டில் ஒப்பமாட்டார்கள் என்றால், அதன்மேல் இறுக்கமான பட்டையைச் சுற்றி, மடிப்பு இல்லாமல் முழுதும் மூடிவிடலாம். அது கைக்கருவிகளுக்குப் போதும், நிலைத் துளைப்பு இயந்திரத்துக்கு (மேசைமேல் நிலையாக நிற்கும் மின் டிரில்) போதாது. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை நல்லதுதான், ரிப்பன் முனை தொங்காமல் இருந்தால். செருப்போடு வந்தவருக்கு அன்று வரைவதும் தேய்ப்பதும் மட்டும். ஆசிரியையின் சேலை முந்தானைக்கும் ஆசிரியரின் அடையாள அட்டைக்கும் இதே சட்டம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கையுறை? சுழலும் எதன் பக்கத்திலும் கூடாது. தோல் உரசினால் சிராய்ப்பு; கையுறையின் நூல் டிரில் பிட்டில் (துளையிடும் முனைக்கம்பி) மாட்டினால் விரலை, அதன் பின்னே கையையே சுற்றி இழுக்கும். பாதுகாப்புக்கு என்று கையுறை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம், வேடிக்கை பார்ப்பவருக்கும் சேர்த்து. பார்வைக்கு அணியும் கண்ணாடி பக்கவாட்டை மறைக்காது. அதன்மேல் போடக்கூடிய அகலமான பாலிகார்பனேட் கண்ணாடி கிடைக்கிறது.

நிலைத் துளைப்பு இயந்திரம் ஏழாம் வகுப்பில் தொடங்கலாம் என்பது என் கருத்து, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்க முடிந்தால். அதில் நேரும் விபத்துக்கு ஒரு வடிவம் உண்டு. துளை மறுபக்கம் வெளிவரும் அந்த நொடியில் பிட்டின் விளிம்பு மிச்சமுள்ள மெல்லிய பொருளில் கொக்கி போல மாட்டுகிறது. உடனே முழுத் துண்டும் பிட்டோடு சேர்ந்து சுழல்கிறது. தகட்டுத் துண்டானால் விசிறி போல விரலை வெட்டும். அக்ரிலிக் ஆனால் உடைந்து தெறிக்கும். ஆகவே அடியில் ஒரு வீண்பலகை, துண்டின்மேல் கிளாம்ப், வெளிவரும் நேரத்தில் அழுத்தம் பாதி. இன்னும் ஒரு காவல் உண்டு. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. ஆகவே நீளமான துண்டின் நீண்ட முனை இடப்பக்கம், இயந்திரத் தூணின் இடப்புறத்தை ஒட்டி இருக்கட்டும். கிளாம்ப் நழுவினாலும் துண்டு தூணில் முட்டி நின்றுவிடும். வலப்பக்கம் நீட்டியிருந்தால் அந்த முனை பிள்ளையின் வயிற்றை நோக்கி வரும்.

பிட்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்க்குச் சக் என்று பெயர். அதை முடுக்கும் சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு சுவிட்ச் போடுவது பெரியவர்களும் செய்யும் பிழை, சாவி தோட்டா போலப் பறக்கும். பழக்க வேண்டியது: சக்கிலிருந்து எடுக்கும் வரை சாவியிலிருந்து கையை எடுக்கக் கூடாது. சுருள் சுருளாக வரும் தூளைக் கையால் தள்ளாமல், இயந்திரம் முழுவதும் நின்ற பிறகு தூரிகையால். துளைத்த தகட்டின் விளிம்பில் நிற்கும் பிசிறும் பிளேடு போலத்தான் வெட்டும், அரத்தால் தேய்த்த பிறகே விரலால் தடவ வேண்டும்.

நம் ஊரில் மறக்கக் கூடாதது மின்தடை. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் போகிறது. பிள்ளை பிட்டைத் தொட்டுப் பார்க்கிறது, சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, மின்சாரம் திரும்புகிறது. இதற்காகவே மின்சாரம் போனால் தானாக அணைந்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் உண்டு. மின்னழுத்தமின்மை விடுவிப்பு (நோ-வோல்ட் ரிலீஸ்) சுவிட்ச் என்று கேட்டு வாங்கி மாட்டுங்கள். அது வரும்வரை, விளக்கு அணைந்தால் பிளக்கைப் பிடுங்குவது முதல் வேலை. பட்டறை இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பான் (ஆர்.சி.சி.பி.) வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். வட்டரம்ப மேசை, கை வட்டரம்பம், ஆங்கிள் கிரைண்டர் ஆகியவை நடுநிலைப் பள்ளி அறையில் இருக்கவே வேண்டாம். தெருமுனைப் பட்டறையில் கிரைண்டரில் மரம் வெட்டும் சக்கரத்தை மாட்டி ஓட்டுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது ஏன் கூடாது என்று ஒரு வகுப்பு எடுத்துச் சொல்லத் தகும்.

இவ்வளவையும் பழக ஒரு நல்ல பொருள் வேண்டும். ஒருமுறை செய்து முடியும் பொருளில் கை பழகாது, ஒரே அசைவைப் பலமுறை செய்ய வைப்பது வேண்டும். அதற்கு ஆடுபுலி ஆட்டப் பலகைக்கு இணை இல்லை. அதில் 23 புள்ளிகள், ஆகவே 23 குழிகள். மூன்று புலி, பதினைந்து ஆடு, ஆகவே 18 முளைகள். ஒரு பிள்ளைக்கு 20 செ.மீ. சதுரத்தில் 18 மி.மீ. தடிப் பலகை ஒன்று, 6 மி.மீ. உருளைக் குச்சி அரை மீட்டர். புலிக்கு 30 மி.மீ., ஆட்டுக்கு 20 மி.மீ. என்று வெட்டினால் 39 செ.மீ. போகும், மீதி ரம்பத்தின் வழிக்கும் தவறுக்கும். பலகையை அறுத்து மூலைமட்டம் வைத்துப் பார்க்கட்டும். காகிதத்தில் வரைந்த கட்டத்தை ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியால் ஒரு பள்ளம் போடட்டும். பள்ளம் இல்லாவிட்டால் பிட் மரத்தின்மேல் வழுக்கி ஓடும். குழிக்கு 6.5 மி.மீ. பிட், 6 மி.மீ. போட்டால் முளை சிக்கிக்கொள்ளும். பிட்டின் நுனியிலிருந்து 10 மி.மீ. அளந்து அங்கே வண்ண ஒட்டுநாடா சுற்றினால் நாடா மரத்தைத் தொடும்போது நிறுத்தலாம், பலகை ஓட்டையாகாது. முளைகளைத் தாங்கியில் வைத்து 15 செ.மீ. பிளேடு உள்ள சின்ன ஆக்சாவால் வெட்டட்டும். உருளைக் குச்சி ரம்பத்தோடு உருளும், அதனால் தாங்கியின் மேல்கட்டையில் அடியோரமாக ஒரு பள்ளம் அறுத்து அதில் குச்சியைப் பதித்து அழுத்த வேண்டும். பிறகு 80, 120, 180 என்று உப்புத்தாள், மர இழையின் போக்கிலேயே. இருபத்து மூன்றாவது குழி போடும்போது பிள்ளையின் நிற்பு முதல் குழிக்கு இருந்தது போல இருக்காது, தோள் தளர்ந்திருக்கும், இடது கை தானாகவே போக வேண்டிய இடத்தில் இருக்கும்.

நாற்பது பேரை ஒரே ஆசிரியர் ஒன்றாக நிறுத்தவே முடியாது. பாதிப் பேரை வேறு வகுப்புக்கு அனுப்பி, இருபது பேருடன் இரண்டு பாடவேளை சேர்த்து எடுத்தால் ஒழுங்காக நடக்கும். பத்துப் பேர் வரைவதிலும் தேய்ப்பதிலும், ஆறு பேர் ரம்பத்தில், இரண்டு பேர் கைத்துளைப்பானில், ஒருவர் இயந்திரத்தில், அடுத்தவர் ஒரு மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே. அந்தக் கோட்டுக்குள் ஒரே ஆள்தான். ஆசிரியர் நிற்க வேண்டியது கோட்டருகில், ரம்ப மேசைகள் கண்ணில் படும்படி, சுவருக்கு முதுகு காட்டி. நடுவில் நின்றால் எப்போதும் பாதி அறை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

சூட்டுப் பசைத் துப்பாக்கியை யாரும் கருவியாகவே மதிப்பதில்லை, அதனால்தான் அதில் அதிகம் சுட்டுக்கொள்கிறார்கள். சாதாரண வகையில் பசை 190 டிகிரி வரை சூடாகும், குறைவெப்ப வகை 120 டிகிரி அளவில் நிற்கும். இந்த வயதுக்குக் குறைவெப்ப வகையே வாங்குங்கள். பசை விரலில் ஒட்டினால் பிள்ளை உடனே பிய்க்கும், தோலும் சேர்ந்து வரும். பிய்க்காமல் குழாயடியில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். சாலிடரிங் அயர்ன் நுனி 350 டிகிரி. அதற்கு எப்போதும் சுருள் தாங்கி, ஈயம் இல்லாத சாலிடர், ஜன்னலோரம், முடித்ததும் சோப்பால் கை கழுவுதல். சுட்ட இடத்தில் பற்பசை, இங்க், நெய் எதையும் தடவ விடாதீர்கள். வெட்டுக் காயத்தில் காபித்தூளும் மஞ்சளும் வேண்டாம். சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தால் சின்ன வெட்டுகள் நிற்கும். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் எடுக்க முயலாமல் மூடி மருத்துவரிடம். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பத்து வயதில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி இருக்கிறது. பட்டறை தொடங்கும் முன் யார் போடவில்லை என்று கேட்டு வையுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் வேலை கிடையாது. மணி அடித்த பிறகு அவசரமாகக் கூட்டும்போதுதான் உளி தரையில் விழுகிறது. கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவியின் நிழல் வடிவத்தையும் வண்ணத்தால் வரைந்து வைத்தால் எது குறைகிறது என்று பார்த்தவுடன் தெரியும். ஒடிந்த பிளேடுகளை மூடியில் துளையிட்ட டப்பாவில் போட வேண்டும், குப்பைக்கூடையில் போட்டால் கூட்டுபவரின் கையைக் கிழிக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துச் சென்றால் சிதறிய ஆணியும் ஸ்குரூவும் ஒட்டிக்கொள்ளும், இந்த வேலைக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். ஆசிரியர் பலகையை எண்ணுகிறார், ஒரு பிள்ளை தனியாக எண்ணுகிறது. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மெயின் சுவிட்சை அணைத்து, சாவியை ஆசிரியர் எடுத்துக்கொண்டு, கதவு திறக்கப்படும். ஒத்துப்போகவில்லை என்றால் காணாத கருவி கிடைக்கும் வரை யாரும் வெளியே போவதில்லை.